மேற்கே பாருங்க: வால்நட்சத்திரக் கேள்வி பதில் (அக்டோபர் 15, 2024)

நேற்று சாயங்காலம் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம்?

இங்கே மதுரைப் பக்கம் ஆறு மணிவாக்கில் பொழுது சாய்கிறது. ஆறே முக்காலுக்கு மேற்கே பாருங்க. இடது பக்கம் பளிச்சென்று வெள்ளி, வலது பக்கம் தாழ்வாக சுவாதி நட்சத்திரம், ரெண்டுக்கும் நடுவே மங்கலாக ஒரு தீற்றல். கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரம்தான், ஏழேகால் ஆனால் அடிவான மங்கலுக்குள் இறங்கிவிடும்.

நான் நாகமலை அடிவாரம். ஒன்றும் தெரியவில்லையே?

மலைக்குக் கிழக்கே வீடு என்றால் மலையே மறைத்துவிடும், அதற்கு வால்நட்சத்திரம் என்ன செய்யும்! ஏதாவது ஒரு கண்மாயின் கிழக்குக் கரைக்குப் போங்க, தண்ணீர் உங்களுக்கு மேற்கே இருக்கணும். அப்போதுதான் அடிவானம் வரை கட்டடமோ மரமோ குறுக்கே வராது. மொட்டைமாடியில் நின்று தெருவிளக்கோடு சண்டை போடுவதைவிட இது நல்லது. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்க, ஆனால் சூரியன் முழுசாக மறைந்த பிறகுதான் கண்ணில் வைக்கணும்.

எரிநட்சத்திரம் மாதிரி பாயுமா சார்?

பாயாது. 12ஆம் தேதி நமக்கு மிக அருகில் வந்தபோதே சுமார் 7 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது. அவ்வளவு தூரத்தில் வேகம் கண்ணுக்குத் தெரியாது, நாளுக்கு நாள் இடம் மாறுவதுதான் தெரியும். வால் பின்னால் இழுபடும் புகையும் இல்லை, சூரிய ஒளியும் சூரியக் காற்றும் (சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டம்) தூசியையும் வாயுவையும் தள்ளுவதால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். அதனால்தான் இங்கே மேல்நோக்கி நிற்கிறது.

வால்நட்சத்திரம் வந்தால் நாட்டுக்கு ஆகாது என்கிறார் அப்பத்தா.

புறநானூற்றில் கபிலர் தூமம், அதாவது வால்நட்சத்திரம், தோன்றினாலும் பாரி நாட்டில் வயல் நிறையும் என்று பாடியிருக்கிறார். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிறான்மலை நமக்குப் பக்கம்தானே, அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க.

17ஆம் தேதி லீவு போட்டுப் பார்க்கலாமா?

அன்று பௌர்ணமி, நிலா வெளிச்சம் வாலைக் கழுவிவிடும். இன்று, நாளை பாருங்க, இல்லாவிட்டால் 19க்கு மேல் நிலா வருமுன் இருட்டு கிடைக்கும், ஆனால் அதற்குள் ஆள் மங்கிக்கொண்டே போவார். வடகிழக்குப் பருவமழை மேகம் வேறு வந்துகொண்டிருக்கிறது. லீவெல்லாம் வேண்டாம், ஆபீஸ் விட்டு வருகிற வழியில் கரையில் வண்டியை நிறுத்துங்க, அரைமணி போதும்.