ஆறடி டிஷ்ஷைத் தூக்கிப் போடும் முன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே ரகம். "படம் உடைகிறது, பெரிய டிஷ் வாங்கட்டுமா?" என்கிறார்கள். வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரி பாருங்கள். கோணங்களும் தூரங்களும் சேலத்துக்குப் போட்ட கணக்கு. ஏற்காட்டுக்கும் அதுவே போதும்.

நாலடி, ஆறடி, எட்டடி: மூன்றில் எது நல்லது? (அம்மாபேட்டை)

எந்தச் சாட்டிலைட் பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. அது தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பொதுவாகச் சொல்கிறேன். சி பேண்டில் (பெரிய டிஷ்ஷில் பிடிக்கும், 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை) நாலடிக்கு ஏறக்குறைய 32 டெசிபெல் கெயின் (டிஷ் சிக்னலைப் பெருக்கும் அளவு), ஆறடிக்கு 35, எட்டடிக்கு 38. ஒவ்வொரு படிக்கும் சிக்னல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டு டிஷ்ஷில் கெயினை விட பக்கத்துச் சாட்டிலைட்டை ஒதுக்குவதுதான் பெரிய பாடு. நாலடி டிஷ்ஷின் பார்வை அகலம் நாலரை டிகிரி, ஆறடிக்கு 3, எட்டடிக்கு 2 சொச்சம். சாட்டிலைட்டுக்கு அது நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகைதான் அடையாளம்: 66 டிகிரியிலும் 68.5 டிகிரியிலும் இன்டெல்சாட் நிறுவனத்தின் சாட்டிலைட் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. நாலடியில் இரண்டும் கலந்து விழும், ஆறடியில் சமாளிக்கலாம், எட்டடியில் பிரச்சினையே இல்லை. 83 டிகிரி சாட்டிலைட் மட்டும் போதும் என்றால் நல்ல வடிவத்தில் இருக்கும் ஆறடியே போதும்.

ஃப்ரீ டிஷ்ஷின் இரண்டடி குடையில் சி பேண்ட் எல்.என்.பி. மாட்டினால் வருமா? (ஓமலூர்)

எல்.என்.பி. என்பது டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவி. பலமான ஓரிரு டிரான்ஸ்பாண்டர் (சாட்டிலைட்டில் சேனல்களை அனுப்பும் பகுதி) வரலாம். பார்வை அகலம் ஒன்பது டிகிரி வரை போய்விடும் என்பதால், வருவது எந்தச் சாட்டிலைட் என்று நீங்களே தடுமாறுவீர்கள். அந்தக் குடை ஆஃப்செட் வகை, அதாவது எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ் விளிம்புப் பக்கம் நிற்கும். தட்டையான ஸ்கேலர் ரிங் (எல்.என்.பி. வாயைச் சுற்றி மாட்டும் வளையம்) அதற்குச் சேராது, கூம்பு வடிவ ரிங் வேண்டும். விளையாடிப் பார்க்கச் செய்யுங்கள், வீட்டில் எல்லாரும் தினம் பார்க்க வேண்டும் என்றால் செய்யாதீர்கள்.

எட்டடி போட்டால் பே சேனல்கள் திறக்குமா? (ஆத்தூர்)

திறக்காது. பூட்டிய சேனலுக்கும் டிஷ் அளவுக்கும் சம்பந்தமில்லை.

20 கெல்வின் எல்.என்.பி.யைக் கழற்றிவிட்டு 15 கெல்வின் வாங்கலாமா? (கொண்டலாம்பட்டி)

வேண்டாம். கெல்வின் என்பது எல்.என்.பி. தானே போடும் இரைச்சலின் அளவு, குறைந்தால் நல்லது. ஆனால் அட்டையில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பினாலும் கிடைப்பது அரை டெசிபெல்கூட இல்லை. அந்தப் பணத்தில் நல்ல ஆர்.ஜி.6 கேபிளும் புது எஃப் கனெக்டர்களும் வாங்குங்கள். பாக்ஸை அணைத்த பிறகே கனெக்டரைக் கழற்ற வேண்டும்; அதில் 18 வோல்ட் ஓடுகிறது.

பன்னிரண்டு வருஷமாக ஒழுங்காக ஓடிய ஆறடி டிஷ். இப்போது ஸ்ட்ரெங்த் 95, க்வாலிட்டி பூஜ்யம். டெக்னீஷியன் எட்டடி வாங்கச் சொல்கிறார். தண்ணீர்த் தொட்டி மேல் மாட்டியிருக்கிறேன். (ஐந்து ரோடு)

வாங்காதீர்கள். உங்கள் டிஷ்ஷில் ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ரெங்த் என்பது உள்ளே வரும் எல்லாவற்றின் பலம், க்வாலிட்டி என்பது நமக்கு வேண்டிய சிக்னலின் தெளிவு. ஸ்ட்ரெங்த் ஏறிக்கொண்டே க்வாலிட்டி விழுந்தால், வேறு எதுவோ எல்.என்.பி.க்குள் புகுந்து அதை நிறைக்கிறது. ஸ்ட்ரெங்த்தைப் பார்க்காதீர்கள், க்வாலிட்டியைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

2022 ஏலத்தில் 5ஜிக்குக் கொடுத்தது 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் சாட்டிலைட் சேனல்கள் 3700க்கு மேல். நடுவில் இருக்கும் இடைவெளி வெறும் 30 மெகாஹெர்ட்ஸ். பழைய எல்.என்.பி.க்களின் லேபிளைப் பாருங்கள், 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் (3400 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ்) என்று இருக்கும். அதாவது 5ஜியையும் வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் சிக்னல் எங்கே, இரண்டு தெரு தள்ளி நிற்கும் டவர் எங்கே! டவரின் பலத்தில் முதல் ஆம்ப்ளிஃபையரே திணறிப்போகும், அப்புறம் எந்தச் சேனலும் நிற்காது.

சந்தேகம் இருந்தால் ஒரு பெரிய தகரத்தை டவர் இருக்கும் பக்கம் டிஷ் விளிம்பை ஒட்டி மறைத்துப் பிடியுங்கள். க்வாலிட்டி துள்ளினால் காரணம் அதுதான். மருந்து, உள்ளேயே ஃபில்டர் உள்ள எல்.என்.பி. லேபிளில் 3.7 முதல் 4.2 என்று இருக்க வேண்டும். வெளியே "5ஜி" என்று ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே பழைய சரக்கைத் தருகிறார்கள். எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். 3.8இல் தொடங்குவதை வாங்கினால் கீழ்ப்பக்கச் சேனல்கள் போய்விடும். கேபிள் நடுவில் மாட்டும் சின்ன ஃபில்டரும் வேண்டாம். சிக்னல் எல்.என்.பி.க்கு உள்ளேயே கெட்டுப்போன பிறகு கேபிளில் வடிகட்டி என்ன பயன்?

இனி அந்தத் தண்ணீர்த் தொட்டி. டிஷ்ஷை உயரத்தில் வைத்தால் நன்றாக எடுக்கும் என்று இந்த ஊரில் யார் கிளப்பிவிட்டார்களோ! பழைய ஆண்டெனா காலத்துப் பழக்கம் அது. தூர்தர்ஷன் டவரை எட்டிப் பார்க்க உயரம் தேவைப்பட்டது. சாட்டிலைட் நமக்குத் தலைக்கு மேலே இருக்கிறது. சேலத்திலிருந்து 83 டிகிரி சாட்டிலைட் தரையிலிருந்து 75 டிகிரி கோண உயரத்தில் நிற்கிறது, 66ம் 93.5ம்கூட 70க்குக் கொஞ்சம் அப்படி இப்படி. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில் பத்தடி ஏற்றி என்ன ஆகப்போகிறது? உயரத்தில் வைத்தால் 5ஜி டவர் நேருக்கு நேர் பார்க்கும், சித்திரை மாதக் காற்று அடிக்கும், இடி முதலில் அங்கேதான் இறங்கும். நூறு கிலோமீட்டர் வேகக் காற்று ஆறடி சாலிட் டிஷ்ஷில் நேராக மோதினால் நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். தொட்டியின் செங்கல் சுவர் அதைத் தாங்குமா? இப்படி ஒரு டிஷ் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அடியில் யாரும் இல்லை.

கீழே இறக்குங்கள். மொட்டை மாடித் தரையிலோ கொல்லையிலோ வையுங்கள். தெற்கில் பத்தடிச் சுவர் இருந்தால் நாலைந்து அடி தள்ளி வைத்தால் போதும், வானம் திறந்திருக்கும். அதே சுவர் 5ஜியையும் மறைக்கும். ஃபில்டர் எல்.என்.பி.யும் தாழ்ந்த இடமும் சேர்ந்தால் பழைய ஆறடியே பழையபடி ஓடும்.

காபித் தோட்டத்து வீடு. சுற்றிலும் சில்வர் ஓக். பனிமூட்டம் வேறு. சி பேண்ட் எடுக்குமா? (ஏற்காடு, நாகலூர்)

பனிமூட்டத்தை மறந்துவிடுங்கள். ஏழரை சென்டிமீட்டர் அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கனமழையிலும் கு பேண்ட் (சின்னக் குடை டி.டி.எச். வரும் அலைவரிசை) போல உடனே போகாது. மலையில் சி பேண்டை நான் சிபாரிசு செய்வதே அதனால்தான். மரம்தான் கவனிக்க வேண்டியது. 60 அடி ஓக் மரம், 83 டிகிரிக்கு டிஷ்ஷிலிருந்து 16 அடிக்குள் இருந்தால்தான் மறைக்கும். 66க்கு 22 அடி. 83க்குத் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே, 66க்கு தென்மேற்கே பாருங்கள். கிளைக்கும் மிளகுக் கொடிக்கும் சேர்த்து இன்னும் பத்தடி விடுங்கள். மரத்தை வெட்டாமல் டிஷ்ஷை நகர்த்துங்கள். இடிச் சத்தம் கேட்டால் பாக்ஸை அணைத்து, கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

மழை பெய்தால் டிஷ்ஷில் தண்ணீர் தேங்குகிறது. ஓட்டை போடலாமா? (ஏற்காடு, மஞ்சக்குட்டை)

போடலாம். நம் ஊரில் டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்த வட்டில்தான், தண்ணீரும் சருகும் சேரத்தான் செய்யும். தண்ணீர் நிற்கும் இடத்தில் ஐந்து மில்லிமீட்டர் துளை ஒன்றிரண்டு போட்டு, விளிம்பில் துருத் தடுப்புப் பெயிண்ட் அடியுங்கள். மெஷ் டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேபிள் கண்ட்ரோல் ரூமில் கழித்த எட்டடி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாழப்பாடி)

இரண்டு நூலை விளிம்புக்கு விளிம்பு குறுக்காகக் கட்டுங்கள். நடுவில் தொட்டும் தொடாமலும் இருந்தால் வாங்கலாம். அரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் தட்டு முறுக்கியிருக்கிறது, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். முறுக்கிய எட்டடியை விட நேரான ஆறடி மேல். கொண்டுவரும்போது உருட்டாதீர்கள், இதழ்களைக் கழற்றி அடுக்குங்கள். ஃபோகஸ் (சிக்னல் குவியும் புள்ளி) உயரத்துக்கு விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுங்கள். விட்டம் 240, ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் 90. ஃபீட்ஹார்ன் (எல்.என்.பி.யின் முன்குழல்) வாய் அந்த உயரத்தில் இருக்க வேண்டும், கண்ணளவில் வைக்காதீர்கள்.

எல்.என்.பி.யை எவ்வளவு திருப்புவது? (அஸ்தம்பட்டி)

83க்கு இருபது டிகிரி சொச்சம், 66க்கு 45, 93.5க்கு 50. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி கிழக்குச் சாட்டிலைட்டுக்கு இடஞ்சுழியாக, மேற்குக்கு வலஞ்சுழியாக. அங்கே தொடங்கி, க்வாலிட்டி அதிகம் வரும் இடத்தில் ஸ்க்ரூவை முறுக்குங்கள். இங்கேயும் ஸ்ட்ரெங்த்தைப் பார்க்காதீர்கள்.

மார்ச் மாதம் நாலு நாள் தொடர்ந்து, உச்சிவேளையில் 83 போய்விட்டுத் தானாக வந்தது. எல்.என்.பி. போய்விட்டதா? (செவ்வாய்ப்பேட்டை)

இல்லை. சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. செப்டம்பர் கடைசியிலும் வரும். பத்து நிமிஷம் பொறுங்கள், டிஷ்ஷைத் தொடாதீர்கள்.