ஷெட் கூரையின் கண்ணாடி ஷீட்: கேள்விகளும் பதில்களும்

கொங்குப் பகுதி ஆலைகளில் 26 ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆலைக் கூரைகளில் சோலார் வேலை பெருகியதிலிருந்து, வெளிச்சத்துக்காகப் பதித்த, கண்ணாடி ஷீட் என்று சொல்லப்படும் ஃபைபர் அல்லது பாலிகார்பனேட் ஷீட்டை உடைத்துக்கொண்டு ஆட்கள் கீழே விழுவது குறித்துப் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பராமரிப்பு மேலாளர், திருப்பூர்): எங்கள் ஷெட் கூரையில் வரிசைக்கு இரண்டாக ஃபைபர் ஷீட்டுகள் உள்ளன. ஆள் நின்றாலும் தாங்கும் என்று விற்றவர் சொன்னார். அதை நம்பி ஆட்களை மேலே அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் புது ஷீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பிரிட்டனில் கூரைப் பொருள்களைச் சோதிக்க 45 கிலோ மணல் மூட்டையை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து ஷீட்டின் மேல் போட்டுப் பார்க்கிறார்கள். கால் தடுக்கி விழுகிற மனிதனின் தாக்கத்துக்கு அது ஈடு என்பது கணக்கு. அந்தச் சோதனையில் தேறிய புது ஷீட் பத்து வருட வெயிலுக்குப் பிறகும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பூச்சை அரிக்க, உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் மயிர் போல வெளியே நீட்டிக்கொள்ளும். பழைய ஷீட்டைத் தடவினால் உள்ளங்கையில் அரிப்பு எடுப்பது அதனால்தான். பாலிகார்பனேட் ஷீட்டோ மஞ்சள் நிறமாகி, ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சிலந்தி வலை போல் விரிசல் விடும்.

ஆகவே, அந்த ஷீட்டைக் கூரையின் ஒரு பகுதி என்று எண்ணாமல், மேலே தோல் போர்த்திய ஓட்டை என்று எண்ணுங்கள். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதியும் ஸ்கைலைட்டை (வெளிச்சத்துக்காகக் கூரையில் விடும் பகுதியை) திறப்பு என்ற கணக்கில்தான் சேர்க்கிறது. தொழிற்கூடங்களில் கீழ்த்தளம் 4 அடியோ அதற்கு மேலோ ஆழத்தில் இருந்தால் மூடியோ தடுப்போ கயிற்றுப் பாதுகாப்போ கட்டாயம். அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் இதற்கென்றே 1989ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் ஷெட்டில் கீழ்த்தளம் 20 அடிக்குக் குறையாது. அங்கே நிட்டிங் மெஷின்களும் இருக்கும்.

கேள்வி (சோலார் ஒப்பந்ததாரர், கோவை): எங்கள் பையன்கள் அனுபவசாலிகள். ஸ்க்ரூ வரிசை பார்த்து, பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேலேயே காலை வைத்து நடப்பார்கள். அது போதாதா ஐயா?

இந்த ஒரு பழக்கத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் அது நூறு தடவை பலிக்கும். பர்லினின் மேல்முகம் இரண்டு மூன்று அங்குல அகலம்தான். வெறுங்கையோடு நடக்கும்போது கண் காலைப் பார்க்கும். ஆனால் இன்று நீங்கள் ஏற்றும் 550 வாட் பேனல் ஏறத்தாழ 28 கிலோ எடையும் ஏழரை அடி நீளமும் கொண்டது. இருவர் தூக்கிச் செல்லும்போது பின்னால் வருபவருக்குத் தன் கால் தெரியாது; முன்னால் போகிறவர் பின்பக்கமாக நடப்பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் அந்தப் பேனலைப் பாய் போல விரித்துத் தள்ளும்போது, யாராக இருந்தாலும் ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தே தீர வேண்டும்.

நான் பணியாற்றிய ஆலை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். விழுந்தவர் பதினோரு வருட அனுபவம் உள்ள ஃபிட்டர். அன்று காலையிலிருந்து அந்த ஷீட்டை ஏழெட்டு முறை தாண்டிப் போயிருந்தார். மதியம் டீ வந்துவிட்டது என்று கீழிருந்து யாரோ குரல் கொடுக்க, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் ஏணி வைத்து மேலே போய்ப் பார்த்தபோது ஒரு செருப்பு பர்லின் மேலேயே இருந்தது. ஓட்டையின் விளிம்பில் பஞ்சுத் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அந்தத் தூசியால் கண்ணாடி ஷீட்டுக்கும் பக்கத்துத் தகர ஷீட்டுக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை. அவர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்ததால் பிறகு கூரை ஏறவில்லை. பர்லின் நடையைப் பாதுகாப்பு முறை என்று எழுதி என்னிடம் கொண்டுவந்த எந்த வேலை அனுமதிச் சீட்டிலும் (பெர்மிட்) அதற்குப் பிறகு நான் கையெழுத்திட்டதில்லை.

கேள்வி (மில் உரிமையாளர், பல்லடம்): அப்படியானால் என்னதான் செய்வது? எல்லா ஷீட்டையும் எடுத்துவிட்டால் பகலிலும் லைட் போட வேண்டியிருக்குமே.

எடுக்க வேண்டாம், காவல் போடுங்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஷீட்டுக்கு அடியில் இரும்பு வெல்டட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அமைத்து, அதை இருபக்கமும் பர்லினோடு போல்ட் போட்டு முடுக்குவது. வெறும் கட்டுக்கம்பியில் கட்டிவிட்டுப் போனால் பயனில்லை. மற்றொன்று, ஷீட்டின் மேலே கூண்டு போன்ற கம்பிச் சட்டத்தைப் பொருத்துவது. புது ஷெட் கட்டுபவர் கூரை வேயும்போதே முதல் வழியைச் செய்துவிடலாம், செலவும் குறைவு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு இரண்டாவதே எளிது, ஆனால் தூசியும் இலையும் கூண்டில் சேர்ந்து வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் மழைக்கு முன் ஒரு முறை துப்புரவு தேவைப்படும்.

வேலை நடக்கும் சில நாட்களுக்கு மட்டும் என்றால், கனமான ஒட்டுப்பலகையால் ஷீட்டை முழுதும் மூடலாம். மூடி எதுவாயினும் அதன் மேல் வரக்கூடிய ஆள், கருவி, பொருள் ஆகியவற்றின் மொத்த எடையைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும். காற்றில் நகராதபடி இறுக்கியிருக்க வேண்டும். அதன் மேல் "அடியில் ஓட்டை" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத பலகையை "இது யாருடையது" என்று ஒருவர் தூக்குவார், தூக்கியபடியே முன்னால் அடி வைப்பார். இவ்விதத்தில் விழுந்தவர்கள் உண்டு. வேலை செய்கிற இடத்துக்குப் போகும் பாதையையும் விட்டுவிடாதீர்கள். ஏணியிலிருந்து பேனல் வரிசை வரை கைப்பிடியோடு கூடிய அலுமினிய நடைபாதை போடுங்கள்.

கேள்வி (இளம் பாதுகாப்பு அலுவலர், ஸ்ரீபெரும்புதூர்): எங்களிடம் எல்லாருக்கும் முழு உடல் ஹார்னஸ் (உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை) இருக்கிறது. அதை மாட்டிக்கொள்ள லைஃப்லைன் கயிறும் கட்டுகிறோம். மெஷ் இல்லாமல் இதை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹார்னஸை லைஃப்லைனோடு இணைக்கும் கயிறான லேன்யார்டு 1.8 மீட்டர். அதிலுள்ள அதிர்வு தாங்கி கிழிந்து நீள்வது ஏறத்தாழ 1.75 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். மேலதிகமாக 1 மீட்டர் விட வேண்டும். ஆக, கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். கிடைமட்டக் கயிறு என்றால் அது தொய்வதையும் இதனோடு கூட்டுங்கள். உங்கள் கூரை 7 மீட்டர் உயரம், அதன் அடியில் 2 மீட்டர் மெஷின் என்றால், ஹார்னஸ் போட்டவரும் மெஷினில் மோதுவார். தானாகச் சுருளும் குட்டைக் கயிறு இந்தத் தூரத்தைக் குறைக்கும். ஆனால் உடைந்த ஷீட்டின் விளிம்பிலும் பர்லின் விளிம்பிலும் அது உரசும் என்பதால், விளிம்பில் உரசினாலும் தாங்கும் என்று தயாரிப்பாளர் சான்றளித்த வகையையே வாங்க வேண்டும். ஹார்னஸுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 3521 முத்திரையைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள்.

தொங்குபவரை யார், எதை வைத்து இறக்குவார் என்ற கேள்விக்கும் பெர்மிட்டிலேயே பதில் இருக்க வேண்டும். கால் பட்டைகளில் தொங்கும் உடலுக்கு நிமிடங்கள்தான் கணக்கு. தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. ஹார்னஸை மெஷுக்குப் பிறகு வரும் இரண்டாவது காவலாக வையுங்கள்.

கேள்வி (மேற்பார்வையாளர், ஓசூர்): வெப்பம் குறைய கூரை முழுதும் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இனி கண்ணாடி ஷீட்டை எப்படி அடையாளம் காண்பது?

மேலிருந்து காண முடியாது, முயலவும் வேண்டாம். பகல் வேளையில் ஷெட்டுக்குள் விளக்குகளை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள்; பெயிண்ட் அடித்திருந்தாலும் மங்கலாக வெளிச்சம் கசியும். டிரஸ் (பர்லின்களைத் தாங்கும் பெரிய சட்டம்) எண், பர்லின் எண் வைத்து வரைபடத்தில் குறியுங்கள். பெயிண்டுக்குள் ஒளிந்த பழைய ஒட்டுகளும் இருக்கலாம் என்பதால், தகுதியானவர் ஒருவர் பார்த்து உறுதி செய்யும் வரை கூரை முழுவதையும் உடையக்கூடியதாகவே கொள்ளுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஆள் ஒப்பந்ததாரருடையவர். விபத்து நடந்தால் ஆலைக்கு என்ன பொறுப்பு?

நிறைய. உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலி முதலிய ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு நெடுங்காலமாகச் சொல்லி வந்தது. ஒப்பந்த ஆள் என்பதால் அந்தக் கடமை ஆலையை நடத்துபவரை விட்டுப் போவதில்லை. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் வழக்கு வரும். கூரை எவ்வளவு பழையது, எங்கெங்கே கண்ணாடி ஷீட் உள்ளது என்பதை ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் கொடுக்காமல் ஏணியைக் காட்டுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு.

கேள்வி (அரிசி ஆலை நடத்துபவர், ஈரோடு): எங்களுடையது 30 வருட ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கூரை. ஒழுகும் நான்கைந்து ஷீட்டுகளை மாற்ற வேண்டும்.

உங்களுக்குக் கூரை முழுதுமே கண்ணாடி ஷீட் போல உடையக்கூடியதுதான். மழைக்குப் பிறகு பாசி பிடித்திருந்தால் வழுக்கலும் சேரும். முடிந்தவரை யாரையும் மேலே ஏற்றாதீர்கள்: கீழே தளம் கெட்டியாக இருந்தால் சிஸர் லிஃப்ட்டை (மேடையை உயர்த்தும் வண்டியை) ஓட்டி வந்து, அதன் மேடையில் நின்றபடி ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் ஜே-போல்ட்டை அறுத்து, ஷீட்டை உடைக்காமல் உள்பக்கமாக இறக்கலாம். உடைத்தால் கல்நார்த் தூசி பறக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு, தகுந்த முகக்கவசம் போட்டே செய்யுங்கள். லிஃப்ட் நுழையாத இடத்தில் மட்டும், குறைந்தது மூன்று பர்லின்கள் மேல் தாங்கும்படி நீளமான நடைப்பலகைகளைப் போட்டு, அடியில் வலை கட்டிய பிறகு ஏறலாம். பலகை இரண்டு ஜோடி வேண்டும். ஒரே ஜோடியை வைத்துக்கொண்டால், அதை நகர்த்தி வைக்கும்போது ஆள் ஷீட்டின் மேல் நிற்க வேண்டி வரும்.