படம் வரையச் சொன்னால் ஆய்வாகுமா?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி, மகளிர் குழுவோடு சேர்ந்து ஆய்வு தொடங்கியிருக்கிறோம். படிவத்தை நீட்டினால் "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கோம்" என்கிறார்கள். கூத்து, ஓவியம் என்று போனால் ஆய்வாக ஏற்பார்களா?

பதில்: ஏற்பார்கள். ஆனால் கலை எப்போது உள்ளே வருகிறது என்பது முக்கியம். முடிவு தெரிந்தபின் ஊருக்குச் சொல்லப் போடும் கூத்து விழிப்புணர்வுப் பிரச்சாரம். தேவையான வேலைதான், ஆய்வு அல்ல. எதை ஆராய்வது என்று அந்தப் பெண்களே சொல்ல வேண்டுமானால், கலை முதல் நாளே வர வேண்டும்.

உடல் வரைபடத்தில் தொடங்குங்கள். சார்ட் தாள்களை ஒட்டி, ஒருவரைப் படுக்கவைத்து உருவத்தைக் கோடிழுங்கள். எங்கே எரிகிறது, எங்கே வலிக்கிறது என்று எல்லோரும் வண்ணம் தீட்டட்டும். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பது நமக்குத் தெரியும். அதை நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. கையை விட்டுவிட்டு அவர்கள் இடுப்பிலிருந்து தொடங்கலாம். வரையும்போது நடக்கும் பேச்சுதான் உங்கள் தரவு. அனுமதி பெற்றுப் பதிவு செய்து, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு படங்களைப் பரப்பி, அவர்களையே வகைபிரிக்கச் சொல்லுங்கள். வரைவது ஊர், அலசுவது கல்லூரி என்று ஆகிவிடும்போதுதான் இத்தகைய ஆய்வுகள் வெறும் பெயரளவில் நிற்கின்றன.

கேமராவைப் பெண்களிடமே கொடுத்து, தங்கள் வாழ்க்கையைப் படமெடுக்கச் சொல்லும் முறையும் உண்டு. 1990களில் சீனாவின் யுன்னானில் ஆய்வாளர்கள் கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் கிராமப் பெண்களோடு செய்தது. உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேலையிடத்துப் படம் முதலாளி கண்ணில் பட்டால் ஒருத்தியின் பிழைப்பே போகலாம்.

அடுத்து, பிரேசிலின் நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் வளர்த்த மன்ற நாடகம் (Forum Theatre). கை புண்ணான பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும்: இதை நடித்து, சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்துங்கள். பார்ப்பவர்களில் ஒருவர் எழுந்து வந்து, அந்தப் பெண்ணாக வேறுவிதமாக நடித்துப் பார்க்கட்டும். "கையுறை போட்டா வேகம் வராது" போன்ற காரணங்கள் அங்கேதான் வெளிவரும்.

எத்தனை பேருக்குப் பாதிப்பு என்பதைப் படம் சொல்லாது. அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். அதன் கேள்விகளை இந்தப் படங்களிலிருந்து எழுதுங்கள்.

பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இவற்றில் எதையும் தொடங்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி ஏழு வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு அந்தப் பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும். கலந்துகொள்ள ஒன்று, படத்தைக் காட்சிக்கு வைக்க ஒன்று என ஒப்புதலைத் தனித்தனியாகக் கேளுங்கள். உடைக்கும் கிலோவுக்குக் கூலி வாங்குபவர்களின் அரைநாளை இலவசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈட்டுத்தொகையைத் திட்டச் செலவிலேயே எழுதி, நெறிமுறைக் குழுவிடம் காட்டுங்கள்.