அமெரிக்காவில் ‘கவுண்டி ஃபேர்கிரவுண்ட்ஸ்’ என்றால் என்ன? கண்காட்சி இல்லாத நாட்களில் அங்கே என்ன நடக்கும்?

கவுண்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஃபேர்கிரவுண்ட்ஸ் அந்த மாவட்டத்தின் பொருட்காட்சித் திடல். ஆனால் திடல் என்றதும் தீவுத்திடல் மாதிரி வெறும் பொட்டலை நினைத்துவிடாதீர்கள். கலிபோர்னியாவில் ப்ளசன்டன் ஊரில், அலமீடா கவுண்டித் திடலுக்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன். கிட்டத்தட்ட 270 ஏக்கர். பெரிய பெரிய கூடங்கள், தொழுவங்கள், கடல் போல கார் நிறுத்துமிடம் எல்லாம் உண்டு. 1858-இல் போட்ட குதிரைப் பந்தயப் பாதையும் இருக்கிறது. அதன் நடுவில் கோல்ஃப் ஆடுகிறார்கள்! 2025 கண்காட்சியில் பந்தயம் நடக்கவில்லை.

1912-இலிருந்து நடக்கும் கண்காட்சி, கோடையில் சில வாரங்கள்தான். மற்ற நாட்களில், வேறெங்கும் இடம் கிடைக்காத எல்லாம் இங்கே வந்து சேரும். பழைய கார் பிரியர்கள் வண்டிகளைத் துடைத்துத் துடைத்து நிறுத்துவார்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் வாக்கில் ஸ்காட்லாந்து விழா. கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள் முழு மரத்தடியைத் தூக்கி எறிவார்கள். 2021-இல் இங்கேதான் காரை விட்டு இறங்காமலே கொரோனா ஊசி போட்டார்கள். ஜன்னலை இறக்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்த அந்த வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது.

காட்டுத்தீ வந்தாலும் இதே கதைதான். 2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவின் சான்டா ரோசா பக்கம் எரிந்தபோது, சோனோமா கவுண்டித் திடலில்தான் வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் தங்கினார்கள். கழிப்பறை, மின்சாரம், கூரை, குதிரைக்குக் கொட்டில் எல்லாம் ஒரே இடத்தில் தயாராக வேறு எங்கே கிடைக்கும்?

அந்த வசதியே ஒரு காலத்தில் வேறு மாதிரியும் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அரசு வீடுகளிலிருந்து வெளியேற்றியபோது, முகாம்கள் கட்டி முடிகிறவரை அவர்களை அடைத்துவைத்தது ஸ்டாக்டன், மெர்சட், ஃப்ரெஸ்னோ போன்ற ஊர்களின் கண்காட்சித் திடல்களில். சில இடங்களில் குதிரைக் கொட்டிலையே கழுவிச் சுண்ணாம்படித்துக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். ஸ்டாக்டன் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். இது தெரிந்த பிறகு எந்தத் திடலின் தொழுவத்துக்குள் போனாலும் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கண்காட்சிக்கே வருவதென்றால் ராட்டினத்தில் காசைக் கொட்டாதீர்கள், எல்லா ஊர் ராட்டினமும் ஒன்றுதான். நேரே கால்நடைக் கூடத்துக்குப் போங்கள். 4-எச் என்ற சிறுவர் அமைப்பில் பள்ளிப் பிள்ளைகள் ஆடு, பன்றி, காளைக்கன்று என்று இறைச்சிக்காக வளர்த்து இங்கே ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். எடையில் ஒரு பவுண்டுக்கு இவ்வளவு டாலர் என்று ஏலம் ஏறும். உள்ளூர்க் கடைக்காரர்கள் பிள்ளைகளுக்காகவே சந்தை விலைக்கு மேல் கேட்பதுண்டு.

ஒருமுறை பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண், தன் பன்றிக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஏலம் முடிந்திருந்தது. “இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?” என்று என் மகன் என்னிடம் தமிழில் கேட்டான். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.