பதிவுக் கட்டணம் 600 ரூபாய், மீதி எதற்கு? வாசகர் கேள்வி-பதில்

மாநிலத்துக்கு மாநிலம் வண்டி வரி ஏன் மாறுகிறது, எங்கே வாங்கினால் மிச்சம் என்று கேட்டும், பதிவு, பெயர் மாற்றம் பற்றிக் கேட்டும் வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு பெங்களூருவில் 12 லட்சத்துக்குக் கார் வாங்கி, ஆயுள் வரியும் அங்கேயே கட்டினேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே மறுபடி வரி கட்டச் சொல்கிறார்கள். ஒரே காருக்கு எதற்கு இரண்டு வரி?
– ஆத்தூர் வாசகர்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஆனாலும் கட்டித்தான் ஆக வேண்டும். பதிவுக் கட்டணம் மத்திய அரசின் விதிப்படி வசூலிப்பது. சொந்த உபயோகக் காருக்குச் சேலத்திலும் 600 ரூபாய், சிம்லாவிலும் 600 ரூபாய். வரி அப்படியில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. விகிதத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொள்கிறது.

இன்று 12 லட்சம் விலையுள்ள புது பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 18 சதவீதம், அதாவது 2,16,000 ரூபாய். கர்நாடகத்தில் 17 சதவீதம்தான், ஆனால் அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ் (கூடுதல் வரி) ஏறி ஏறக்குறைய 2,26,000 ஆகிவிடும். கேரளத்தில் 15 சதவீதம், 1,80,000. டெல்லியில் 10 சதவீதம், 1,20,000. பெங்களூருவில் வாங்கினால் வரி குறைவு என்று சேலத்தில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

இனி செய்ய வேண்டியது. வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. முதலில் பெங்களூருவில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் பேங்கின் சம்மதக் கடிதம் வேண்டும், சலான் பாக்கியும் இருக்கக் கூடாது. அப்புறம் ஆத்தூரில் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கு ஏற்றபடி குறைத்துப் போடும் வரியைக் கட்டி, டிஎன் 77 நம்பர் வாங்குங்கள். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். புது ஆர்.சி. நகலோடு கர்நாடகத்துக்கு விண்ணப்பித்தால், அங்கே நீங்கள் பயன்படுத்தாத வருடங்களுக்கான வரி திரும்பக் கிடைக்கும். அது உங்கள் பணம், விடாதீர்கள்.

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாடு முழுக்கச் செல்லும் பிஎச் நம்பர் எனக்குக் கிடைக்குமா?
– சிவதாபுரம் வாசகர்

பதில்: கிடைக்காது. அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்குத்தான் அது.

கேள்வி: ஒரே காரில் இரண்டு மாடல் பார்த்தோம். ஒன்று 9,98,000, இன்னொன்று 10,02,000. "நாலாயிரம்தான் வித்தியாசம், மேலே உள்ளதையே எடுங்க" என்கிறார் விற்பனையாளர். எடுக்கலாமா?
– கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: புக் பண்ணுவதற்கு முன்னால் கேட்டீர்களே, மிகவும் சந்தோஷம். நாலாயிரம் வித்தியாசம் என்பது தவறு. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி தமிழ்நாட்டில் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வருமான வரி போல அந்தந்தப் பகுதிக்குத் தனித்தனியாக வராது. எந்தப் படியில் விலை விழுகிறதோ, அந்தச் சதவீதம் முழு விலைக்கும் வரும்.

9,98,000க்கு 13 சதவீதம் 1,29,740. 10,02,000க்கு 18 சதவீதம் 1,80,360. வரியில் மட்டும் 50,620 ரூபாய் கூடுகிறது. போதாததற்கு, 10 லட்சம் தாண்டினால் விற்பவர் உங்கள் வருமான வரிக் கணக்கில் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்க வேண்டும். அந்த 10,020 ரூபாயை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும், இப்போது கையிலிருந்துதான் போகும். மேல் மாடலில் கூடுதலாக இருக்கும் வசதிகள் ஐம்பத்தைந்தாயிரம் பெறுமா என்று பாருங்கள். பெறும் என்றால் வாங்குங்கள். சீட் கவர், மேட் போன்றவற்றை வண்டி பில்லில் சேர்க்க விடாமல் தனி பில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அத்தை மகன் காரைக்காலில் இருக்கிறான். அவன் முகவரியில் பதிவு செய்தால் புதுச்சேரி வரி, நிறைய மிச்சம். வண்டி சேலத்தில்தான் ஓடும். இதில் ஏதாவது சிக்கல் வருமா?
– அம்மாபேட்டை வாசகர்

பதில்: வரும். வண்டியின் உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ, எங்கே தொழில் செய்கிறாரோ அங்கேதான் பதிவு செய்ய முடியும். நீங்கள் காரைக்காலில் இல்லை. இருப்பதாகக் கையெழுத்துப் போட்டால் அது பொய்யான ஆவணம். அத்தை மகன் பெயரிலேயே பதிவு செய்தால் அது அவருடைய கார், நீங்கள் பணம் கொடுத்தவர் மட்டும்தான். 2017இல் கேரளத்தில் புதுச்சேரி முகவரி காட்டிய சொகுசுக் கார்களை வரிசையாகப் பிடித்து வழக்குப் போட்டார்கள், தினமும் செய்தி வந்தது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதற்கு வழி சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. மிளகு மூட்டை ஏற்றிவர, சேலத்தில் ஒரு புரோக்கரிடம் கர்நாடக நம்பர் ஜீப் ஒன்றை 2,10,000க்கு வாங்கினேன். ஆர்.சி. ஜெராக்ஸும் பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட படிவங்களும் கொடுத்தார். "என்.ஓ.சி. அடுத்த வாரம்" என்று எட்டு மாதமாகச் சொல்கிறார். இப்போது போனே எடுப்பதில்லை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. சேர்த்து வைத்த பணம் முழுதும் அதில்தான்.
– நாகலூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. நானும் பெங்களூருவில் ஒரு பழைய வேன் வாங்கினேன். விற்றவர் கடன் முழுதும் அடைத்தாகிவிட்டது என்று சத்தியம் செய்தார். ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் பதிவு அப்படியே இருந்தது, கடன் பாதி நிலுவையில் இருந்தது. என்.ஓ.சி. வரவே இல்லை. கடைசியில் அந்த வேனை இரும்பு விலைக்குப் போட்டேன். இப்படி ஏமாற்றுபவர்கள் குறிவைப்பது உங்களைப் போல அலைய நேரமில்லாத உழைப்பாளிகளைத்தான். உங்கள் பணத்தை மீட்க இன்னும் வழி இருக்கிறது.

முதலில் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, கடன் பதிவு இருக்கிறதா, கருப்புப் பட்டியலில் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் முடிந்திருந்தால் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. மலைப் பாதையில் ஒரு விபத்து நடந்தால் இந்த 2,10,000 ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

அடுத்து, புரோக்கருக்கும் ஆர்.சி.யில் உள்ள ஓனருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பணம் கொடுத்த தேதி, தொகை, அவர் சொன்ன வாக்கு, 15 நாளில் என்.ஓ.சி. அல்லது முழுப் பணம், இவ்வளவும் அதில் இருந்தால் போதும். என்.ஓ.சி. விண்ணப்பத்தில் ஓனரின் கையெழுத்துதான் வேண்டும். அதனால் ஓனரிடம் நேரடியாகவும் பேசிப் பாருங்கள். புரோக்கரிடம் ஏமாந்தவராக அவரும் இருக்கலாம்.

பதில் வராவிட்டால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மலையிலிருந்து இறங்கி வர முடியாவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கூடவே காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும் கொடுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு, புரோக்கரின் விசிட்டிங் கார்டு எதையும் அழித்துவிடாதீர்கள். அடுத்த கடிதத்தில் என்ன நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: கடன் போட்டுக் கார் எடுக்கிறோம். கொட்டேஷனில் ஷோரூம் விலை 11,40,000. அடுத்த வரியில் "ஆர்.டி.ஓ. மற்றும் இதர செலவு 2,38,500" என்று மொத்தமாகப் போட்டிருக்கிறது. விவரம் கேட்டால் "எல்லாருக்கும் இதேதான் மேடம்" என்கிறார்கள்.
– அஸ்தம்பட்டி வாசகி

பதில்: இந்த "மற்றும் இதர" என்ற இரண்டு சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நான் ஸ்கூட்டர் எடுத்தபோதும் இதே வரிக்குள் "ஹேண்ட்லிங்" என்று ஒரு தொகையை ஒளித்துவைத்து வாங்கிக்கொண்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். ஆயுள் வரி 18 சதவீதம், 2,05,200. பதிவுக் கட்டணம் 600. கடன் இருப்பதை ஆர்.சி.யில் ஏற்ற 1,500. டி.சி.எஸ். 11,400. கூட்டினால் 2,18,700. சாலைப் பாதுகாப்பு வரி, தற்காலிகப் பதிவு, ஆர்.சி. கார்டு என்று சின்னச் சின்ன இனங்கள் இருக்கும். அதற்கு நாலாயிரம் விட்டாலும், மீதி பதினைந்தாயிரத்துக்கு மேல் எங்கே போகிறது என்று கணக்கே இல்லை. நம்பர் பிளேட் என்று சொல்வார்கள். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிக்கு அதைக் கம்பெனியே வண்டியோடு கொடுக்க வேண்டும். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்று அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது.

அரசு வாங்கும் வரி பெரிய தொகைதான். அதிகம் என்று நாம் வாதாடலாம். ஆனால் அது அரசாணையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பெரிய தொகைக்குப் பின்னால் சின்னத் தொகையை மறைப்பதுதான் திருட்டு. இரண்டு லட்சம் கட்டுபவர் பதினைந்தாயிரத்தைக் கவனிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைக்கிறார்கள். கார் எடுக்கும் நாளில் குடும்பமே பூவும் எலுமிச்சம்பழமுமாக நிற்கும்போது யார் சண்டை போடுவார்கள் என்றும் அவர்களுக்குத் தெரியும். அதனால் சண்டையை முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாக எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். வரி கட்டிய அரசு ரசீது வண்டியோடு வேண்டும் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸும் அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்குக் கட்டாயம், அதை எந்தக் கம்பெனியிலும் எடுக்கலாம். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். மறுத்தால் எழுந்து வாருங்கள். சேலம் ஐந்து ரோட்டைச் சுற்றி ஷோரூமுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: 15 வருடம் முடிந்த மாருதி கார். ஆர்.சி. புதுப்பிக்க எவ்வளவு?
– மேட்டூர் வாசகர்

பதில்: கட்டணம் 5,000. முன்பு 600ஆக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் ஏறியது. பசுமை வரி தனி. எஃப்.சி. என்ற தகுதிச் சோதனையில் தேறுமா என்று முதலில் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: டெல்லியில் 9 வருட டீசல் கார் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– ஓமலூர் வாசகர்

பதில்: பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் அங்கே கட்டுப்பாடு போட்டது. அந்தப் பயத்தில்தான் மலிவாக விற்கிறார்கள். இங்கே வரி போடும்போது நீங்கள் கொடுத்த பாதி விலையைப் பார்க்க மாட்டார்கள், வண்டியின் அசல் விலையையும் வயதையும் பார்ப்பார்கள். கொண்டுவரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். நேரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு பைக்கை ஒருவருக்கு விற்று, படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது ஹெல்மெட் சலான் எல்லாம் என் போனுக்கு வருகிறது. எனக்கும் அந்த வண்டிக்கும்தான் சம்பந்தமே இல்லையே?
– தாரமங்கலம் வாசகர்

பதில்: சம்பந்தம் இருக்கிறது. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை அது உங்கள் வண்டி. விற்ற 14 நாளில் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தேதி போடாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்தது பெரிய அலட்சியம். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்றைக்கே வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பெயர் மாற்றுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுத்து, காவல் நிலையத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தேன். பில்லில் பதிவுக் கட்டணம் 300 என்று இருக்கிறது. சரியா?
– வாழப்பாடி வாசகி

பதில்: சரியில்லை. பேட்டரி வண்டிக்குப் பதிவுக் கட்டணம் வேண்டாம் என்று மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே விலக்கிவிட்டது. பில்லோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.