கெண்டைக்கால் பருமன்: ஊசி போட்டு இளைக்க வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 56 கிலோ. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறேன். உடம்பு பூசினாற்போல் இல்லை. ஆனால் இரண்டு கெண்டைக்கால்களும் தடித்திருக்கின்றன. பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தான். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இதே வாகு. அக்கம்பக்கத்தார் யானைக்கால் நோயோ என்று பயமுறுத்துகிறார்கள். மெலியும் என்று நம்பித் தினமும் ஸ்கிப்பிங் ஆடியும் பயனில்லை. அழகு நிலையம் ஒன்றில் ஊசி போட்டால் இளைத்துவிடும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா? அக்காவின் 4 வயது மகனுக்கும் கெண்டைக்கால் இப்போதே உருண்டு திரண்டிருக்கிறது, அடிக்கடி விழுகிறான். அதுவும் குடும்ப வாகுதானா?

பதில்: உங்கள் உயரத்துக்கு இந்த எடை பொருத்தமானதே. எனவே எடையைக் குறைக்கும் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். கெண்டைக்காலைப் பருக்க வைப்பது தசையா, கொழுப்பா, நீரா என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகே மெலிவிப்பதைப் பற்றிப் பேச முடியும். மூன்றுக்கும் வழி வேறு வேறு.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நில்லுங்கள். ஆடுசதை இறுகிக் கல்போல் திரண்டு, அதன்மேல் தோலைக் கிள்ளும்போது மெல்லிய மடிப்பு மட்டுமே விரல்களுக்குள் வந்தால், பருமனுக்குக் காரணம் தசை. தடித்த மடிப்பு வந்தால் கொழுப்பு. அடுத்து, இரவு வேலை முடிந்து வந்ததும் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின்மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால் அது நீர்க்கோவை. காலையில் எழுந்தவுடனும் இரவிலும் ஒரே இடத்தில் தையல் டேப்பால் சுற்றளவை அளந்தால், நாள் முழுவதும் நிற்பதால் எவ்வளவு ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

பள்ளிப் பருவத்திலிருந்தே இருப்பது, இரண்டு கால்களிலும் இருப்பது, அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுடையது பெரும்பாலும் பரம்பரையாக வந்த தசை வாகுதான். ஆடுசதை குதிகால் நாணாக மாறும் இடம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு நாண் நீளமாகவும் தசை மேலேயே முடிவதாகவும் இருக்கும். அவர்களுடைய கால் ஒல்லியாகத் தெரியும். தசை கீழே வரை இறங்கி வருபவர்களுக்குக் கால் உருளையாகத் தெரியும். இந்த அமைப்பை எந்த உடற்பயிற்சியாலும் மாற்ற இயலாது. போதாக்குறைக்கு, ஸ்கிப்பிங்கில் ஒவ்வொரு குதிப்பும் உடல் எடை முழுவதையும் ஆடுசதையால் உந்தித் தூக்கும் வேலை. தசையை வளர்க்க விரும்புவோருக்கு உகந்த பயிற்சி அது. அதற்குப் பதிலாகச் சமதளத்தில் நடப்பதோ நீந்துவதோ போதும். உயரமான குதிகால் செருப்பை விட்டு, ஆடுசதையை நீட்டித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் இறுக்கமும் வலியும் குறையும்; சுற்றளவு குறையும் என்று நான் சொல்லமாட்டேன்.

யானைக்கால் பயம் உங்கள் ஊரில் இயல்பானதே. அந்தப் பகுதியில் நெடுங்காலம் இருந்த நோய் அது. ஆனால் அந்த வீக்கம் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் தொடங்கும். ஒரு காலில் கூடுதலாக இருக்கும். இடையிடையே காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறி கட்டுவதும் வரும். கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். தூக்கவே முடியாதபடி தடித்திருந்தால், யானைக்காலில் வருவது போன்ற நிணநீர் வீக்கம் என்று சந்தேகிக்கலாம். ஐயம் தீராவிட்டால் அரசு மருத்துவமனையில் இரவு நேர ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். அந்த நோயின் நுண்புழுக்கள் ரத்தத்தில் இரவில்தான் நடமாடும்.

பெண்களுக்கு மட்டுமே பெரும்பாலும் வரும் லிப்பெடிமா என்ற கொழுப்புக் கோளாறையும் சொல்லியாக வேண்டும். 1940-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இன்றும் பலருக்கு வெறும் பருமன் என்றே முத்திரை குத்தப்படுகிறது. பருவமடையும் காலத்திலோ கர்ப்பத்திலோ தொடங்கும். இரு கால்களும் தடித்திருக்கும். பாதம் மட்டும் மெலிந்தே இருக்கும். கொலுசு கிடக்கும் இடத்தில் வளையம் போட்டதுபோல் வீக்கம் நின்றுவிடும். தொட்டால் வலிக்கும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும், பட்டினி கிடந்தாலும் குறையாது. இந்த அடையாளங்கள் உங்களிடம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி ஊசி. அது போட்டுலினம் நச்சு. பரவலாக போடோக்ஸ் என்கிறார்கள். ஆடுசதைக்குச் செல்லும் நரம்புத் தூண்டலைத் தடுத்து, தசையைச் செயலிழக்கச் செய்து சுருங்க வைக்கிறது. பலன் சில மாதங்களே நிற்கும். பிறகு மறுபடியும் போட வேண்டும். கொழுப்பாலோ நீராலோ வந்த பருமனுக்கு அது உதவவே உதவாது. தென்கொரியாவில் ஆடுசதை நரம்பையே துண்டிக்கும் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். அதை மீட்க முடியாது. என் கருத்தை ஒளிக்காமல் சொன்னால், உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். காலிலுள்ள ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றும் பம்பு ஆடுசதைதான். நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர் அதைப் பலவீனப்படுத்திக்கொண்டால், கால் கனமும் வீக்கமும் வெரிகோஸ் வெயினும் வர வழி திறக்கும். அதிலும் அழகு நிலையத்தில் மருத்துவர் அல்லாதவர் கையால் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

மாலையில் குழி விழுகிறது என்றால், சிறுநீரில் புரதம், சிறுநீரகம், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்து, நிற்பதே காரணமானால், மருத்துவர் சொல்லும் அழுத்தத்தில் காலுறை அணியலாம். படுக்கையிலிருந்து எழும் முன்பே அணிவது சிறந்தது. கடையில் உட்காருவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு: 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குச் செய்த திருத்தம் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்து, மற்ற காலைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்தால், ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசி இரண்டு வரிகள்தான். அக்கா மகனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். நேராக எழாமல், முதலில் கைகளைத் தரையில் ஊன்றி, பின்பு முழங்கால்களிலும் தொடைகளிலும் கைவைத்துத் தன்மேலேயே ஏறுவதுபோல் எழுகிறானா? மாடிப்படி ஏறத் தடுமாறுகிறானா? அப்படியானால் டுஷேன் என்னும் தசைச்சிதைவு நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண் குழந்தைகளைத் தாக்கும் இந்நோய் தாய்வழியாக வரக்கூடியது. தசை நலிந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வதால் கெண்டைக்கால் பருத்துக் காட்டும். எல்லாக் குழந்தைக்கும் அப்படி இருக்காது. வெறும் வாகாகவும் இருக்கலாம். சிதையும் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதியை அளக்கும் சிகே என்ற எளிய ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் விடை சொல்லிவிடும். இந்நோயில் அந்த அளவு பல மடங்கு ஏறியிருக்கும். கல்லீரலுக்காக வழக்கமாகப் பார்க்கும் எஸ்ஜிபிடி என்ற நொதியும் கூடவே ஏறுவதால், கல்லீரல் கோளாறு என்று நினைத்து வேறு பக்கம் அலைபவர்களும் உண்டு. உறுதியானால் மரபணுப் பரிசோதனையும், இயன்முறைச் சிகிச்சையும், உரிய நேரத்தில் ஸ்டீராய்டு மருந்தும் உண்டு. நடை தளரும் காலத்தை அவை தள்ளிப்போடும். உங்கள் கால் பொறுக்கலாம்; அவனை இந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி அக்காவிடம் சொல்லுங்கள்.