கடைசி 11 மைல்ல காத்து நின்னுபோச்சுன்னா? சிட்னி ஹோபார்ட் ரேஸ் கேள்வி பதில்

வணக்கம் மக்களே. சொந்த ஊரு திருமங்கலம், பொழப்பு சிட்னில. அங்கேருந்து டாஸ்மேனியா தீவுல இருக்குற ஹோபார்ட் வரைக்கும் நடக்குற பாய்மரப் படகு ரேஸுல, 40 அடி படகுல க்ரூவா போயிட்டு வந்தேன்னு வாய விட்டதுல இருந்து ஆளாளுக்கு கேக்குறீங்க. லீவுக்கு ஊருக்கு வந்துருக்கேன், தூக்கம் வர்ற வரைக்கும் சொல்றேன்.

மேலூர்க்காரன்: அண்ணே, எம்புட்டு தூரம்ணே அது?

628 கடல் மைல்ப்பா, நம்ம கணக்குல 1160 கிலோமீட்டர் சொச்சம். வருசா வருசம் டிசம்பர் 26 சிட்னில கிளம்பும், 1945ல ஆரம்பிச்ச ரேஸு. 2017ல கோமான்ச்சிங்கிற 100 அடி படகு 1 நாள் 9 மணி 15 நிமிசத்துல போயிருச்சு. எங்களுக்கு நாலு நாளு.

செல்லூர் தம்பி: பாஸ் ஜலசந்தில பயமா இருந்துச்சாண்ணே?

ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவுல இருக்குற கடல்தான் அது. 1998ல அங்கிட்டு புயல் அடிச்சு 6 பேர் செத்தாய்ங்க, கிளம்புன 115 படகுல 44தான் போய்ச் சேர்ந்துச்சு. அதெல்லாம் தெரிஞ்சு போறப்ப பயம் இல்லாமயா? எங்களுக்கு வாந்தியோட போச்சு.

உசிலம்பட்டி மாப்ள: மாமா, அலை தாண்டி ஆத்துக்குள்ள வந்தாச்சுல்ல, அப்பறம் என்ன டென்ஷன்?

மாப்ள, அங்கதான்யா உசுரே போச்சு. அயர்ன் பாட்னு ஒரு லைட்ஹவுஸ், அதத் தாண்டுனா டெர்வென்ட் ஆறு, பினிஷுக்கு இன்னும் 11 மைல். ராத்திரியானா அந்த ஆறு கடையச் சாத்திரும்னு அங்க பேச்சு உண்டு, நாங்க நுழைஞ்சது ராத்திரி பத்து மணி. பைய பைய காத்து விழுந்து தண்ணி தெப்பக்குளம் மாதிரி ஆயிருச்சு. பின்னாடி 200 மீட்டர்ல இன்னொரு படகு, அவன் சிவப்பு லைட்டு மட்டும் தெரியுது. ஸ்கிப்பர் (படகு கேப்டன்) எல்லாரையும் பாய் இருக்குற பக்கமா முன்னாடி போய் உக்காரச் சொன்னாரு, ஏன்னா படகு அங்கிட்டு லேசா சாஞ்சாத்தான் பாய் தன் வெயிட்டுலயே வயிறு வச்சு நிக்கும், இல்லாட்டி ஈரத்துணி மாதிரி தொவண்டுரும், படகோட பின்பக்கமும் தண்ணிய விட்டு எந்திரிச்சு உரசல் கம்மியாகும். நாலு நாள் சரியா தூங்காத எட்டு பேரு, ஒருத்தன் அசையக்கூடாது, சத்தமா பேசக்கூடாது. என் கையில ஸ்பின்னேக்கர் ஷீட்டு (ஸ்பின்னேக்கர்னா முன்னாடி பலூன் மாதிரி உப்புற பெரிய பாய், ஷீட்னா கயிறுய்யா, பாய் இல்ல, நானும் மொத நாள் இதுலதான் அசிங்கப்பட்டேன்). மத்த நேரம் வின்ச்ங்கிற உருளையில சுத்தி இழுப்போம், அன்னிக்கு வெறுங்கையில பிடிச்சிருந்தேன், காத்து வந்தா விரலுக்குத்தான் மொதல்ல தெரியும். அந்த நேரம் பாத்து தும்மல் வருது, மூக்கப் பிடிச்சுக்கிட்டு கண்ணுல தண்ணியோட உக்காந்துருக்கேன்.

அப்பத்தான் நேவிகேட்டர் கரையக் காட்டுனாரு. தெருவிளக்கு வெளிச்சம் தண்ணில நேர்கோடா விழுந்தா அங்க காத்து இல்ல, கோடு கலைஞ்சு நெளிஞ்சா இருக்கு. வலது கரையோரம் நெளிஞ்சுச்சு, அங்கிட்டு திருப்புனோம், கொஞ்ச நேரத்துல கயிறு விரல்ல சுருக்குன்னு இழுத்துச்சு பாரு!

அவனியாபுரம்: இஞ்சின் போட வேண்டியதுதானே?

இஞ்சின் பேட்டரி சார்ஜுக்குத்தான், ஓட்டுறதுக்குப் போட்டா ரூல் மீறுனதாயிரும். நீரோட்டம் பின்னாடி தள்ளுனா நங்கூரம் போட்டு நிக்கலாம், அதுக்கு ரூல்ல இடம் இருக்கு. ரேஸ்ல நங்கூரம் போட்டு முந்துறத எங்கயாச்சும் கேள்விப்பட்டுருக்கியா?

மாட்டுத்தாவணி: பெரிய படகுக்கும் இப்பிடி ஆகுமாண்ணே?

ஆகாம? 2023ல இதே ஆத்துல கடைசி நேரத்துல முந்தி லாகனெக்ட்ங்கிற படகு 51 செகண்டுல கோமான்ச்சிய ஜெயிச்சுச்சு. 1982ல வெறும் 7 செகண்டு. 2017 கத இன்னும் கொடும, மொதல்ல வந்தது வைல்ட் ஓட்ஸ்ங்கிற படகு, ஆனா சிட்னில கிளம்புனப்பவே கோமான்ச்சி பக்கத்துல ரூல் மீறி திரும்புனதுக்கு 1 மணி நேரம் பெனால்ட்டி போட்டாய்ங்க, கப்பு கைமாறிருச்சு.

உசிலம்பட்டி மாப்ள: அந்த சிவப்பு லைட்டு என்னாச்சு மாமா?

எங்களுக்கு மூணு நிமிசம் பின்னாடி வந்துச்சு. நாங்க கட்டிப்பிடிச்சு குதிச்சோம். காலைல பாத்தா லிஸ்ட்ல அவிங்க மேல, நாங்க கீழ! ஒவ்வொரு படகுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஓடுன நேரத்த அதால பெருக்குவாய்ங்க, அவிங்க நம்பர் சின்னது. தெரிஞ்ச ரூல்தான், இருந்தாலும் இன்னிக்கும் எரியுது.

சித்தி, தெற்கு மாசி வீதி: நாலு நாளும் என்னத்தப்பா சாப்ட்ட?

சுடுதண்ணி ஊத்துற பாக்கெட் சாப்பாடு சித்தி, சப்புன்னு இருக்கும். அம்மா போட்ட எலுமிச்ச ஊறுகா ஒரு பாட்டில் ஒளிச்சுக் கொண்டு போனேன், பாஸ் ஜலசந்தில அது ஸ்கிப்பர் படுக்கையில உடைஞ்சுருச்சு. போன வாரம்கூட மெசேஜ் போட்டாரு, வாசம் இன்னும் போகலையாம்.